சோத்துல சிங்க் எங்கே? கம்பம் பள்ளத்தாக்கு வயலில் இருந்து ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல இந்த வீடியோ ஒரு தடவையாவது வந்திருக்கும். ஒருத்தர் ரேஷன் அரிசியை தண்ணியில போடுவார். நாலஞ்சு அரிசி மட்டும் மேல மிதக்கும். "பாருங்க, பிளாஸ்டிக் அரிசி!" அப்படின்னு முடியும். உங்க பெரியம்மா அதுக்குக் கீழ கும்பிடு எமோஜி போட்டிருப்பாங்க.

அது பிளாஸ்டிக் இல்லை. அதுக்குப் பேரு செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் பி12 மூணையும் கலந்து, மறுபடி அரிசி மாதிரியே அச்சுல வார்த்து எடுக்கிறாங்க. அதுல ஒரு கிலோவை நூறு கிலோ சாதாரண அரிசியோட மில்லுல கலக்குறாங்க. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்த திட்டம் இது. 2024க்குள் ரேஷன், சத்துணவு என எல்லா அரசுத் திட்டங்களுக்கும் இந்த அரிசிதான் என்றார்கள்.

அந்த லிஸ்ட்ல ஒரு பேர் விட்டுப்போச்சு. சிங்க். தமிழில் துத்தநாகம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி அரிசியில சிங்க் சேர்க்கலாம், ஆனா கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததை யாரும் சேர்ப்பதும் இல்லை.

மில்லுல சேர்க்கலைன்னா வேற எங்க சேர்க்கலாம்? வயல்லயே சேர்க்க முடியுமா? பயிருக்கு உரமா கொடுத்தா அது நம்ம தட்டு வரைக்கும் வருமா? இன்னைக்கு எபிசோட் இதுதான். அதுக்கு நாம தேனிக்குப் போகணும்.

கம்பம் பள்ளத்தாக்கை உங்கள்ல பாதிப் பேர் தேக்கடி டிரிப்ல கார் கண்ணாடி வழியா பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை. நடுவுல திராட்சை, வாழை, தென்னை. அதுக்கும் நடுவுல ஆத்தை ஒட்டிப் பச்சையா நெல்லு. 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் இருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியா தண்ணி லோயர் கேம்ப்புக்கு இறங்கி வருது. அங்கிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர்ல வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல். நல்ல வருஷமா இருந்தா ஜூன் முதல் தேதி மதகு திறக்கும். முதல் போகம் அறுத்ததும் நிலம் காயுறதுக்குள்ள இரண்டாம் போகத்துக்குத் தொளி உழவு ஆரம்பிச்சிடும்.

இந்த 'நிலம் காயுறதுக்குள்ள'ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க. சிக்கல் அங்கதான் இருக்கு.

மண்ணில் சிங்க் இருப்பது வேறு, அது வேருக்குக் கிடைப்பது வேறு. வயல்ல தண்ணி தேங்கி நிக்கும்போது மண்ணுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துடுது. நுண்ணுயிர்கள் வேற பொருட்களை வச்சு மூச்சு விட ஆரம்பிக்குது. அதுல சல்பைடு, பைகார்பனேட் எல்லாம் உருவாகுது. சிங்க் போய் அதோட ஒட்டிக்கிட்டு, கரையாத உப்பா மாறி மண்ணிலேயே உட்கார்ந்துடுது. பீரோவுல பணம் இருக்கு, சாவி தொலைஞ்சு போச்சு, அந்த நிலைமை. இதுக்கு மேல டிஏபி மாதிரி மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டா இன்னும் மோசம். மணிச்சத்து ஏறுனா செடி சிங்க் எடுக்கறது குறையும். வருஷத்துல பெரும்பகுதி சேறாவே கிடக்கிற இருபோக நிலத்துல இந்தச் சிக்கலுக்கு ஓய்வே கிடையாது.

இந்திய மண்ணில் மூணுல ஒரு பங்குக்கு மேல் சிங்க் பற்றாக்குறை. தமிழ்நாட்டு மண்ணில் அது பாதிக்கும் மேல். நெல்லுக்குப் பேர் போன மாநிலத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஒரு நோய், ஒரு டாக்டர்

1960கள்ல உத்தரப் பிரதேசத்தோட தராய் பகுதியில, அதாவது இமயமலை அடிவாரத்துல, நெல்லுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. நட்டு ரெண்டு மூணு வாரத்துல இலையெல்லாம் துரு ஏறின மாதிரி பழுப்பாகும். பயிர் குட்டையா நின்னு போகும். விவசாயிகள் அதை 'கைரா'ன்னு கூப்பிட்டாங்க. பூஞ்சையா, வைரஸான்னு தேடிக்கிட்டு இருந்த காலம். பந்த்நகர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒய்.எல்.நேனே 1966ல் சொன்ன பதில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்துச்சு: இதில் கிருமியே இல்லை, சிங்க் பற்றாக்குறை. சிங்க் சல்பேட் கரைசலைத் தெளிச்சா பயிர் பச்சைக்குத் திரும்புது. நெல் வயலில் சிங்க் பற்றாக்குறையை உலகத்துல முதல்ல அடையாளம் காட்டியது அங்கேதான். நேனே ஒரு தாவர நோயியல் ஆள்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம். நோயைத் தேடிப் போனவர் பசியைக் கண்டுபிடிச்சார்.

மனுஷங்க கதை இதுக்குக் கொஞ்சம் முன்னாடியே தொடங்கிடுச்சு. 1958ல் இந்தியாவில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரானில் ஷிராஸ் நகரத்துல வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். 21 வயசு இளைஞன் ஒருத்தன் வந்தான். பார்க்கப் பத்து வயசுப் பையன் மாதிரி இருந்தான். உயரம் இல்லை, பருவ மாற்றம் எதுவும் வரலை, கடுமையான ரத்தசோகை. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, கூடவே மண்ணைத் தின்கிற பழக்கம். அந்தக் கிராமங்களில் அவனை மாதிரி இன்னும் பலர் இருந்தாங்க. பிரசாத் பிறகு எகிப்திலும் இதையே பார்த்து, மனிதனுக்கும் சிங்க் பற்றாக்குறை வரும், அது வளர்ச்சியையே நிறுத்தும்னு நிரூபிச்சார். அதுவரைக்கும் மனுஷனுக்கு இப்படி ஒரு குறை வரவே வராதுன்னுதான் புத்தகங்கள் சொல்லிக்கிட்டு இருந்தது.

இன்னைக்குக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா ஓஆர்எஸ் பாக்கெட்டோட ஒரு சிங்க் மாத்திரையும் கொடுக்கிறாங்க இல்லையா, 2004ல் இருந்து உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லிவரும் சிகிச்சை அது. நோய் எதிர்ப்பு, காயம் ஆறுறது, குழந்தை உயரமாகறதுன்னு உடம்புல முந்நூறுக்கும் மேற்பட்ட என்சைம்களுக்கு சிங்க் வேணும். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து சர்வேயில, 10 முதல் 19 வயசுப் பிள்ளைகளில் 32 சதவீதம் பேருக்கு சிங்க் குறைவு. ஒண்ணு முதல் நாலு வயசுல 19 சதவீதம். ஒரு கிளாஸ்ல மூணு பேருக்கு ஒருத்தர்னு வச்சுக்கோங்க.

சேத்துலயா, இலையிலயா?

சரி, மண்ணுல சிங்க் கிடைக்கலை, நெல்லுல குறைவு, நம்ம உடம்புலயும் குறைவு. அப்போ உரமா போட்டா மூணும் ஒரே நேரத்துல சரியாகிடுமே? லாஜிக் சரிதான். நெல்லு அவ்வளவு சுலபமா ஒத்துக்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பரிந்துரை ரொம்ப காலமா இருக்கு. ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட், அதாவது ஏக்கருக்குப் பத்து கிலோ. 50 கிலோ காய்ஞ்ச மணலோட கலந்து, நடவுக்கு முன்னாடி கடைசித் தொளியில தூவணும். 50 கிலோ மணல் ஹெக்டேருக்கான கணக்கு, ஏக்கருக்கு 20 கிலோ போதும். இதனால கைரா வராது, பயிர் நல்லா தூர் கட்டும், மகசூல் கூடும். விவசாயிக்கு லாபம். ஆனா நெல்மணிக்குள்ள?

சீனா, இந்தியா, லாவோஸ், தாய்லாந்து, துருக்கி ஆகிய அஞ்சு நாட்டு வயல்கள்ல இதைச் சோதிச்சுப் பார்த்து 2012ல் முடிவை வெளியிட்டாங்க. சேற்றில் சிங்க் போட்டப்போ உமி நீக்கின அரிசியில சிங்க் கூடியது சராசரியா 2.4 சதவீதம்தான். அதுவே இலையில தெளிச்சப்போ 25 சதவீதம். ரெண்டையும் செஞ்சா 32 சதவீதம். சேற்றில் போட்டது திரும்பவும் அந்தப் பூட்டின பீரோவுக்குள்ள போயிடுது. இலை வழியா கொடுத்தது செடியோட சத்துக் குழாய் வழியா நேரா மணிக்கு நகருது. சிங்க் அப்படி நகரக்கூடிய உலோகம்.

எப்போ தெளிக்கணும்ங்கிறது இதுல பாதி விஷயம். இலை வெளிறிப் போச்சுன்னு தெளிக்கிற தெளிப்பு நட்ட சில வாரத்துல நடக்கும். அது பயிரைக் காப்பாத்தும், மணிக்குப் போய்ச் சேர்றது குறைவு. மணிக்குள்ள சேரணும்னா கதிர் வெளிய வர்ற சமயத்துலயும், பூ முடிஞ்சு பால் பிடிக்கிற சமயத்துலயும் தெளிக்கணும். அப்போ செடி முழுக்க கவனம் மணியை நிரப்புறதுலதான் இருக்கும். நாம பந்தி பரிமாறுற நேரம் பார்த்துப் பாத்திரத்தை நீட்டுறோம்.

அளவு? அரை சதவீதக் கரைசல். லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட், கூட ஒரு சதவீதம் யூரியா. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ. சேத்துல போட்ட பத்து கிலோவோட ஒப்பிட்டுப் பாருங்க. வெயில் இறங்கின பிறகு தெளிக்கணும், இல்லைன்னா இலை கருகும். டிஏபி கரைசலோட சேர்த்துக் கலக்கக் கூடாது. கலந்தா டேங்க் அடியிலயே வெள்ளையா படிஞ்சிடும், தெளிப்பானும் அடைச்சுக்கும்.

இப்போ எபிசோடுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கணக்கு. பள்ளத்தாக்கு மொத்தமும், 14,707 ஏக்கரும், போகத்துக்கு ரெண்டு தெளிப்பு, வருஷத்துக்கு ரெண்டு போகம்னு வச்சுக்குவோம். தேவைப்படும் சிங்க் சல்பேட் சுமார் 59 டன். பத்து டன் லாரின்னா ஆறு லாரி. அவ்வளவுதான். ஒரு முழுப் பள்ளத்தாக்குக்கு!

இந்தக் கணக்கு கேட்கவே நல்லா இருக்கு. அதனாலதான் இதுக்கு எதிர்க்கணக்கையும் இப்பவே போட்டுடணும்.

தட்டுல என்ன வந்து சேருது

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொன்ன தினசரி அளவு ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13 சொச்சம். நாம சாதாரணமா சாப்பிடுற தீட்டின வெள்ளை அரிசியில கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் சிங்க் இருக்கு. 14ன்னு எடுத்துக்குவோம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா 4.2 மில்லிகிராம். தெளிப்பு மூலம் இது 20 சதவீதம் கூடினா? 5 மில்லிகிராம். கூடுதலா வந்தது ஒரு மில்லிகிராம் கூட இல்லை.

"இதுக்காகவா இவ்வளவு?"ன்னு நீங்க கேட்கிறது காதுல விழுது. நியாயமான கேள்வி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையிலயே 20 மில்லிகிராம் இருக்கு. ஆனா மாத்திரை நோய் வந்த பிறகு பத்துப் பதினாலு நாளைக்கு. சோறு தினமும் மூணு வேளை. யாரும் எதையும் மாத்திச் சாப்பிட வேண்டாம், விழிப்புணர்வு பேனர் வேண்டாம், வாட்ஸ்அப் வதந்தியும் வராது. ஏன்னா பார்க்க அரிசி அரிசி மாதிரியே இருக்கும், தண்ணியிலயும் மிதக்காது.

கோதுமைக்கு இந்த விஷயத்துல அதிர்ஷ்டம் ஜாஸ்தி. ஏழு நாட்டு வயல் சோதனையில இலைவழித் தெளிப்பு கோதுமையோட சிங்கை கிலோவுக்கு 27ல் இருந்து 48 மில்லிகிராமுக்கு ஏத்திச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சப்பாத்தி மாவுல தவிடும் கொஞ்சம் சேர்ந்து வருது. நாம அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்குறோம், மேல் அடுக்குல இருந்த சத்துல ஒரு பகுதி தவிட்டோட மாட்டுக்குப் போயிடுது. மாடுகள் நம்மளை விட நல்லா சாப்பிடுதுன்னு நான் அடிக்கடி நினைக்கிறதுண்டு.

உடம்புக்கு நிஜமா பலன் இருக்கான்னும் பார்த்திருக்காங்க. டெல்லியில ஆறாயிரம் பேர், சின்னக் குழந்தைகளும் பெண்களும். பாதிப் பேருக்குக் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் சிங்க் இருக்கிற கோதுமை மாவு, மீதிப் பேருக்குச் சுமார் 20 இருக்கிற மாவு. ஆறு மாசம். 2018ல் வந்த முடிவு கொஞ்சம் குழப்பமானது. ரத்தத்துல சிங்க் அளவு மாறலை. ஆனா அதிக சிங்க் மாவு சாப்பிட்ட குழந்தைகள் நிமோனியா, வாந்தின்னு படுத்த நாட்கள் குறைஞ்சது. ரத்தப் பரிசோதனை சிங்கைக் கண்டுபிடிக்க அவ்வளவு நல்ல அளவுகோல் இல்லைங்கிறது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். இருந்தாலும், "தெளிச்சோம், எல்லாரும் குணமாயிட்டாங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

"அப்போ இரும்பையும் இப்படியே தெளிச்சுடலாமே, ரத்தசோகைதானே பெரிய பிரச்சினை?" போன வாரம் டாபிக் சொன்னதுமே நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடியாது. இரும்பு மண்ணில் போட்ட உடனே பெரும்பாலும் துருவா மாறிடும். இலையில தெளிச்சா அங்கேயே தங்கிடும், மணிக்கு நகர்றது ரொம்பக் குறைவு. இரும்புக்கு வழி புது ரகங்கள்தான். மகாராஷ்டிராவில் வந்த 'தனசக்தி' கம்பு அப்படி வந்ததுதான். ஆண்டிபட்டி பக்கத்து மானாவாரிக் காட்டுக்கு நெல்லை விட கம்பு கதை பொருத்தம், அதை இன்னொரு நாள் பேசலாம்.

சிங்குக்கும் ரகங்கள் வந்திருக்கு. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016ல் வெளியிட்ட டிஆர்ஆர் தன் 45 தீட்டின பிறகும் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் வைத்திருக்கிறது. அதே 300 கிராம் சோத்துல 6.8 மில்லிகிராம். ரகமும் தெளிப்பும் சேர்ந்தா கணக்கு இன்னும் நல்லா வரும். ஆனா பள்ளத்தாக்கு விவசாயி ரகத்தை மாத்தணும்னா வியாபாரி வாங்கணும், மில்லுல உடையாம வரணும், நமக்கு ருசி பிடிக்கணும். உரத்தை அடுத்த போகத்துலயே மாத்தலாம்.

யார் காசு?

இங்கதான் எல்லாம் வந்து நிக்குது. இலைவழி சிங்க் தெளிப்பால மகசூல் பெருசா கூடாது. அப்போ தெளிப்புக்கு ஆள் கூலி, மருந்து, டேங்க் வாடகை எல்லாம் விவசாயி செலவு. பலன்? எங்கேயோ வேளச்சேரியில இருக்கிற ஒரு குழந்தைக்கு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பார்ப்பாங்க, பதர் பார்ப்பாங்க, கருப்பு நெல் பார்ப்பாங்க. சிங்க் பார்க்க மாட்டாங்க. நல்ல சிங்க் நெல்லும் சாதா நெல்லும் ஒரே மூட்டைல போய் ஒரே மில்லுல கலக்கும். விலையில பத்து பைசா கூட வராது. இப்படி இருக்கும்போது "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு யாராவது மேடையில பேசினா எனக்குக் கோபம் வரும். அவங்களுக்குக் கணக்கு நல்லாவே தெரியும்.

உலகத்துல இது ஜெயிச்ச இடங்களைப் பாருங்க. மண்ணில் செலினியம் குறைவான பின்லாந்தில் 1984ல் இருந்து அரசே உரத்துல செலினியத்தைக் கலக்கச் சொல்லிடுச்சு. விவசாயி தனியா எதுவும் வாங்கலை, எப்பவும் வாங்குற மூட்டையிலயே அது இருந்தது. சில வருஷத்துல மக்களோட ரத்தத்துல செலினியம் ஏறிடுச்சு. துருக்கியில நடு அனடோலியா கோதுமை நிலத்துல, இஸ்மாயில் சக்மக் குழு 1990கள்ல சிங்க் பற்றாக்குறையைக் கண்டுபிடிச்சது. அங்க சிங்க் போட்டா மகசூலே கூடுச்சு, அதனால விவசாயிகள் விரும்பி வாங்கினாங்க. பத்து வருஷத்துல சிங்க் கலந்த உரம் வருஷத்துக்கு 3 லட்சம் டன். சீனாவோட ஷின்ஜியாங்ல இன்னும் விசித்திரம். 1990கள்ல பாசனக் கால்வாய்த் தண்ணியிலயே அயோடின் உப்பைச் சொட்டுச் சொட்டா விட்டாங்க. அது மண்ணுக்குப் போய், பயிருக்குப் போய், ஆட்டுக்குப் போய், மனுஷனுக்கும் போச்சு. பச்சிளம் குழந்தைகள் இறப்பு குறைஞ்சது.

கால்வாய்னு சொன்னதும் உங்களுக்கு லோயர் கேம்ப் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனா சிங்குக்கு அது ஆகாது. தண்ணி வழியா போனா மறுபடி சேத்துலதான் பூட்டிக்கும்.

நமக்கு எது பொருந்தும்? பூச்சிமருந்தோ பூஞ்சாணக்கொல்லியோ அடிக்கிற அதே டேங்க்ல சிங்கையும் கலக்கிறது ஒரு வழி. ஏழு நாடுகள்ல இதையும் சோதிச்சிருக்காங்க, பெரும்பாலான மருந்துகளோட ஒத்துப்போகுது. கூடுதல் கூலி கிடையாது, சிங்க் விலை மட்டும்தான். எந்த மருந்தோட சேரும், எதோட சேராதுங்கிறதை உரக்கடைக்காரர்கிட்ட விடாம வேளாண் விரிவாக்க மையத்துல கேட்டுக்கணும். சிங்குக்காகவே தேவையில்லாத மருந்தை அடிக்கவும் கூடாது. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டக்காரங்களுக்கு ஸ்ப்ரேயர் ரெண்டாவது கை மாதிரி, தெளிப்புப் பழக்கம் புதுசு இல்லை.

இன்னொரு வழி, விதை. சிங்க் அதிகமா இருக்கிற நெல்லை விதையா வச்சா நாற்று வேகமா, திடமா வருது. இது விவசாயிக்கு நேரடி லாபம். ஊருக்கு விக்கிற நெல்லுக்குத் தெளிக்கச் சொல்றதை விட, தன் விதை நெல்லுக்குத் தெளிக்கச் சொல்றது நியாயமான ஆரம்பம்.

என் கருத்து கேட்டீங்கன்னா, செலவை வாங்குற பக்கம் ஏத்துக்கணும். செறிவூட்டப்பட்ட அரிசிக்கு அரசு காசு கொடுத்திருக்கு. அதுல ஒரு சின்னப் பங்கை, பால் பிடிக்கிற பருவத்து ரெண்டு தெளிப்புக்கு மானியமா கொடுக்கலாம். நெல் நுண்ணூட்டக் கலவைக்கு மானியம் இப்பவே இருக்கு. புதுக்கோட்டை பக்கம் குடுமியான்மலையில அரசே அந்தக் கலவையைத் தயாரிக்குது. ஆனா அது நடவு வயலுக்கு, மகசூலுக்கு. மணிக்குன்னு ஒரு தெளிப்பு அந்தப் பட்டியல்ல சேரணும். அதுக்கு முன்னாடி மண் வள அட்டையில சிங்க் கட்டத்தைப் பார்க்கணும். போதுமான அளவு இருக்கிற வயலுக்கு ஒவ்வொரு போகமும் பத்து கிலோ கொட்டுறது வீண். ஒரு தடவை போட்டது அடுத்தடுத்த பயிர் வரைக்கும் நிக்கும்.

கேட்கிற நீங்க சென்னையிலயோ கோவையிலயோ இருந்துக்கிட்டு என்ன பண்றது? உரம் உங்க கையில இல்லை. ஆனா தானியத்துல ஃபைடேட்னு ஒண்ணு இருக்கு, அது சிங்கைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்பு உறிஞ்ச விடாது. ஊற வச்சு, அரைச்சு, புளிக்க வச்சா அது குறையும். அதாவது ஓவர்நைட் ஓட்ஸ் போட்டோ போடுறவங்களுக்குச் சொல்றேன், உங்க ஆயா ஆட்டி வச்ச இட்லி மாவு இந்த வேலையை முன்னாடியே பண்ணிடுச்சு. கூட கொண்டைக்கடலை, வேர்க்கடலை, எள்ளு. அசைவம்னா முட்டை, கறி, நண்டு.

வர்ற ஜூன்ல மதகு திறந்தா, முதல் போக நெல்லு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல கதிர் தள்ளும். தெளிக்கணும்னா அந்தப் பத்துப் பதினஞ்சு நாள்தான். தேனி பக்கம் வயல் வச்சிருக்கிற சித்தப்பாவோ மாமாவோ இருந்தா இந்த எபிசோடை அந்த நேரத்துல அனுப்புங்க, இப்ப அனுப்பினா மறந்துடுவாங்க. கேள்விகளை வழக்கம் போல வாய்ஸ் நோட்டா போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.